இறக்கத்துக்கு முன்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில், தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால் ஒரு லாரி ஓரங்கட்டுகிறது. டி.என். 28, நாமக்கல் வண்டி. இனி சேலம் பக்கம் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிய வண்டிகள் முன்னே போனவற்றை நொறுக்கிய இடம். ஓட்டுநர் டீக்கடைப் பக்கமே திரும்பாமல், இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டு வருகிறார்.

"அண்ணே, ஒரு மூட்டை பிரிஞ்சிருக்கு."

தார்ப்பாய் ஓரத்தில் வெளிர்மஞ்சளாகக் குருணை கொட்டுகிறது. இந்தூர் பக்கத்துச் சோயா புண்ணாக்கு. கிளீனர் பையன் கோணி ஊசியோடு மேலே ஏறுகிறான். கீழே சிந்தியதைக் கடைக்காரம்மாவின் நாட்டுக்கோழி கொத்துகிறது. நாமக்கல் கூண்டுக்கோழிக்கு அளந்து வைக்கிற தீனி, இதற்கு இனாம்.

இந்தூரைச் சுற்றிய மாளவத்துக் கரிசலில் முன்பெல்லாம் மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாகப் போட்டு, மழை ஓய்ந்தபின் கோதுமை விதைப்பார்கள். 1960களில் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே சோயாவைக் கொண்டுவந்தது. சும்மா கிடந்த மழைக்காலம் ஒரு போகமானது. இன்று மத்தியப் பிரதேசத்தில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் சோயா. 100 கிலோ சோயாவில் எண்ணெய் 18 கிலோ தேறினால், பெரும்பகுதி புண்ணாக்குதான். அதைத் தின்றுதான் நாமக்கல் கோழி முட்டையிடுகிறது. பள்ளிச் சத்துணவுக்கும் அதே முட்டைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சோயா ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் இந்தத் தர்மபுரிக் காடுகளில் கண்ணில் படுவதென்னவோ மரவள்ளியும் ராகியும்தான்.

விலையில் மட்டும் மாளவத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒத்துப்போவதில்லை. 2021இல் புண்ணாக்கு கிலோ 100 ரூபாயைத் தொட்டபோது, பண்ணைக்காரர்கள் முறையிட, ஒன்றிய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. நாமக்கல்லுக்கு மூச்சு வந்தது. மாளவத்துக்கு வயிறு எரிந்தது. 2024இல் நேர்மாறு. சோயாவுக்கு அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். சந்தையில் அதுவும் கிடைக்காமல், 6,000 கேட்டு மத்தியப் பிரதேச விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்தார்கள். இந்த லாரி சுமப்பது அந்தச் சண்டையையும் சேர்த்துத்தான்.

பையன் நூலைப் பல்லால் கடித்துவிட்டு இறங்குகிறான். ஓட்டுநர் இப்போதுதான் பெஞ்சில் உட்காருகிறார்.

"அக்கா, ரெண்டு ஆம்லெட்."

"வெல ஏத்திட்டேன் தம்பி. முட்ட ஏறிப்போச்சு."

"தீவனம் எறங்கித்தானக்கா இருக்கு? நான்தான ஏத்திட்டு வர்றேன்."

"அதெல்லாம் எனக்கெங்க தெரியுது? போடட்டுமா, வேண்டாமா?"