சமுதாயக் கல்லூரி யாருக்காக?

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பர். ஏரிப் பாசனத்தோடு ஆழ்குழாய்க் கிணறுகளும் சேர்ந்தே இப்பெயரைக் காத்து வருகின்றன. ஆகவே, இப்பகுதியில் ஒரு மோட்டார் எரிந்துபோவது ஒரு வீட்டின் துன்பம் மட்டுமன்று. நாற்று காய்ந்தால் நடவுக் கூலியை நம்பியிருக்கும் குடும்பங்களும் வாடும்.

எங்கள் ஊரில் ஓர் இளைஞன் இருக்கிறான். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறியவன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, பழைய செப்புக் கம்பியைக் களைந்து, சுற்றுகளை எண்ணிப் புதுக் கம்பி சுற்றிவிடுவான். கை அவ்வளவு நேர்த்தி. ஆயினும், ஏன் எரிந்தது என்று வினவினால், "கரண்டு சரியில்ல சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்துபோனால், மோட்டார் எஞ்சிய இரு முனைகளைக் கொண்டே பாரத்தை இழுக்க முயல்கிறது. அவற்றில் மின்னோட்டம் மிகுந்து, சுருள் சூடேறி, காப்புப்பூச்சு கருகிவிடுகிறது. இதனை அறிந்தவன் கம்பி சுற்றுவதோடு நில்லான். முனை அறுந்தவுடன் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்தச் சொல்வான். இந்த 'ஏன்' என்பதுதானே அறிவியல்! கைத்திறன் இருந்தும் கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அதனைக் கற்பிப்பதற்கே சமுதாயக் கல்லூரி வேண்டும் என்பது என் துணிபு.

இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரி தோன்றியது நம் புதுவையிலேதான். 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் அதனை நிறுவியது. மறு ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கிற்று. இயேசு சபைத் தந்தை சேவியர் அல்போன்ஸ் அவர்களின் முயற்சியால் இவ்வியக்கம் பல மாநிலங்களுக்கும் பரவியது. படிப்பை இடையில் விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் கற்பித்து, மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ நேர்ப்பயிற்சி அளித்து, ஏறத்தாழ ஓராண்டில் வேலைக்கு ஆயத்தம் செய்வதே அதன் முறை.

தலைப்பிள்ளையான புதுவைக் கல்லூரியோ இன்று இலாசுப்பேட்டையில் பட்டப் படிப்புகள் நடத்தும் கல்லூரியாக வளர்ந்துவிட்டது. பெற்றோர் பட்டத்தையே நாடும்போது கல்லூரி வேறென்ன செய்யும்? மேற்சொன்ன இளைஞனின் தாயாரிடம் ஓராண்டுப் படிப்பைப் பற்றிப் பேசினேன். "டிகிரி இல்லாட்டி நாளைக்கு இவனுக்குப் பொண்ணு யாரு குடுப்பாங்க சார்?" என்று கேட்டார். நகைப்பதற்குரிய கேள்வியன்று அது. அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் நகரில் இத்தகைய கல்லூரி தோன்றியபோதே இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கே ஈராண்டு பயின்றவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிலிருந்து படிப்பைத் தொடரலாம். அவ்வாறு மேலே ஏறப் படி இருந்தால் அந்தத் தாயாரும் தடை சொல்லமாட்டார்.

பாகூருக்குக் கல்விச்சாலை புதிதன்று. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அது யாருக்கெல்லாம் கதவு திறந்தது என்பது வேறு விஷயம். ஆயினும் கல்வி ஊரிலேயே இருந்தது. இன்று பாகூர்ப் பிள்ளை இலாசுப்பேட்டைக்குச் செல்ல 20 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்யவேண்டும். பகலில் கடையில் நிற்பவனுக்கு இது கைகூடுமா?

புதிய கட்டடம் வேண்டியதில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி ஆய்வுக்கூடங்கள் போதும். வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நேர்ப்பயிற்சி தர சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. பாகூரில் வயல்வெளி மோட்டார்களே பாடப்பொருள். நடவுக்கும் அறுவடைக்கும் வகுப்புகளை நிறுத்திவைக்கலாம். கற்பிக்க ஆள் எங்கே என்பார்கள். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்கள் இவ்விரு கொம்யூன்களிலும் இருக்கிறோம். யாரும் இன்னும் எங்களை அழைக்கவில்லை.