கிறிஸ்மஸுக்கு முன்னர் வீட்டுக்கு

ஈராக் போர் என்றால் எல்லோருக்கும் புஷ் ஞாபகம் வரும், ரொனி பிளேயர் ஞாபகம் வரும். அவுஸ்திரேலியாவில் இருக்கிற எனக்கு மார்க் லேதமும் சேர்ந்து ஞாபகம் வருவார். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே பலர் முகத்தைச் சுழிப்பார்கள். அதற்கு அவர் நிறையவே காரணம் தந்திருக்கிறார். என்றாலும் 2004 மார்ச் 23ஆம் திகதி சிட்னி வானொலி ஒன்றில் அவர் சொன்ன ஒரு விசயத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். வருட முடிவுக்குள் தேர்தல் வந்து தொழிற்கட்சி வென்றால், ஈராக்கில் இருக்கும் அவுஸ்திரேலியப் படையினரைக் கிறிஸ்மஸுக்கு முன்னர் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவதே தன் எண்ணம் என்றார். கட்சியின் நிழல் அமைச்சரவை கூடி, ஆராய்ந்து, அறிக்கை விட்டுச் சொன்ன கொள்கை அல்ல அது. வானொலியில் கேட்டார்கள், சொன்னார். மனுசன் அப்படித்தான்.

லேதத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். மேற்குச் சிட்னியில் கிறீன்வலி என்ற இடத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தவர். லிவர்பூல் நகரசபையின் மேயராக இருந்தவர். கோப் விட்லம் இருந்த வெரிவா தொகுதியில் 1994இல் பாராளுமன்றம் போனவர். வாய்க்குப் பூட்டு இல்லாதவர். 2001இல் டாக்சிக்காரர் ஒருவருடன் மல்லுக்கட்டி அந்த ஆளின் கை முறிந்த கதையும் உண்டு. 2003 பெப்ரவரியில், ஈராக் படையெடுப்புக்கு முந்திய மாதம், புஷ்தான் வாழும் நினைவில் உள்ள அமெரிக்க ஜனாதிபதிகளிலேயே ஆபத்தானவர், திறமையற்றவர் என்று பாராளுமன்றத்திலேயே பேசினார். ஹவார்ட்டின் ஆட்களை அமெரிக்காவுக்கு வால்பிடிக்கும் வரிசை என்று, இங்கே எழுதமுடியாத வார்த்தையில் சொன்னவரும் இவரே. அதே வருடம் டிசம்பர் 2ஆம் திகதி கிம் பீஸ்லியை 47க்கு 45 என்ற வாக்குகளில் வென்று கட்சித் தலைவரானார்.

அந்தப் போர் இங்கே எவ்வளவு பேருக்குப் பிடிக்கவில்லை என்பதை 2003 பெப்ரவரியில் தெருவில் நின்றவர்களுக்குத் தெரியும். மெல்பேர்ணில் 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம், சிட்னியில் 16ஆம் திகதி ஞாயிறு. ஹைட் பார்க்கில் இருந்து கிளம்பிய சனம் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். மார்ச்சில் இரண்டு பேர் ஒப்பரா ஹவுஸ் கூரையில் ஏறிச் சிவப்பு மையால் ‘போர் வேண்டாம்’ என்று எழுதினார்கள். ஐ.நா.வின் ஒப்புதல் இல்லாத போருக்குப் போகவேண்டாம் என்றே கருத்துக்கணிப்புகளும் சொல்லின. ஹவார்ட் போனார். சுமார் 2,000 பேரை அனுப்பினார்.

லேதம் பேசியது, மட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளும் அதற்கு மூன்று நாள் கழித்து ஸ்பெயினில் ஆட்சி மாறியதும் நடந்த அதே மாதத்தில். ஆகவே பயங்கரவாதிகளுக்குப் பயந்து ஓடுகிறார் என்று சொல்வது அரசுக்கு லேசாகப் போய்விட்டது. யூன் 3ஆம் திகதி வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஹவார்ட் பக்கத்தில் நிற்க, லேதத்தின் திட்டம் பேரழிவான முடிவாகும் என்று புஷ்ஷே சொன்னார். இன்னொரு நாட்டுத் தேர்தலில் ஓர் அமெரிக்க ஜனாதிபதி அவ்வளவு வெளிப்படையாகக் கைவைத்தது அபூர்வம். யூலையில் லேதம், வாசிங்டனுக்குப் பிடித்த பீஸ்லியையே பாதுகாப்புப் பேச்சாளராகக் கொண்டுவந்தார். செப்ரெம்பர் 9ஆம் திகதி, தேர்தல் பிரச்சாரத்தின் நடுவில், ஜகார்த்தாவில் அவுஸ்திரேலியத் தூதரகத்துக்கு வெளியே குண்டு வெடித்தது.

ஒக்ரோபர் 9ஆம் திகதி வாக்களிப்பு. 150 ஆசனங்களில் ஹவார்ட்டின் கூட்டணிக்கு 87, தொழிற்கட்சிக்கு 60. போதாததற்கு அடுத்த வருடம் யூலையில் இருந்து செனட்டும் ஹவார்ட்டின் கையில்.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான விசயம் இருக்கிறது. பிடிக்காத போரை நடத்தியவரைச் சனம் முன்னையிலும் கூடுதலாக வெல்லவைத்தது. ஏன்? தேர்தல் நடந்தது ஈராக்கைப் பற்றி அல்ல, வட்டி வீதத்தைப் பற்றி. வட்டியைக் குறைவாக வைத்திருக்க யாரை நம்புவீர்கள் என்று ஹவார்ட் கேட்டார். லேதத்தின் பெயரின் முதலெழுத்தை, கார் ஓட்டப் பழகுபவர்கள் ஒட்டும் ‘எல்’ பலகையாக்கி விளம்பரம் போட்டார்கள். துங்கபி, வென்வேர்த்வில், பெண்டில்ஹில் பக்கம் அப்போதுதான் எங்கள் ஆட்கள் வங்கிக் கடனில் வீடு வாங்கிக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த அண்ணர் ஒருவர் தேர்தலுக்கு முதல் கிழமை சொன்னார்:

"தம்பி, ஆமி வந்தாலென்ன வராட்டிலென்ன? வட்டி ரெண்டு வீதம் ஏறினால் நான் வீட்டை விக்கோணும்."

அவரை நான் குறை சொல்லவில்லை. தூரத்தில் நடக்கிற போர் எவ்வளவு பிடிக்காவிட்டாலும், சமையலறை மேசையில் கிடக்கும் வங்கிக் கடிதத்தின் பாரம் அதற்கு வராது. அந்தத் தேர்தல் வரை ஈராக்கில் ஓர் அவுஸ்திரேலியப் படைவீரர்கூடச் சண்டையில் சாகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வியட்நாம் போர் அப்படி அல்ல. பிறந்த திகதியைக் குலுக்கிப் போட்டு இருபது வயதுப் பெடியங்களைக் கட்டாயமாகப் பிடித்தார்கள், 500க்கு மேற்பட்ட அவுஸ்திரேலியர் செத்தார்கள். அதனால் அந்தப் போர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்தது. 1970 மே 8ஆம் திகதி ஜிம் கெயின்ஸ் என்ற தொழிற்கட்சி எம்.பி.யின் தலைமையில் மெல்பேர்ண் நகரமே தெருவில் இறங்கியது.

2009இல் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் கன்பராவிலும் பதாகைகளோடு நின்றோம். ‘ஏன் இவர்கள் கவனிக்கிறார்கள் இல்லை’ என்று பலர் கொதித்தார்கள். தாங்களே படை அனுப்பி, தாங்களே வெறுத்த போருக்காகக்கூட இந்த நாட்டில் வாக்கு மாறவில்லை. யாரோ அனுப்பிய படை, யாரோ நடத்திய போர் என்றால் எப்படி மாறும்?

இன்னொன்றும் கவனித்தேன். இந்த நாட்டில் போருக்கு எதிராக முதலில் கத்துகிறவர் தோற்பார். பிறகு அதையே மெதுவாகச் சொல்கிறவர் வெல்லுவார். 1965 மே 4ஆம் திகதி வியட்நாமுக்குப் படை அனுப்புவதைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர் ஆதர் கோல்வெல். 1966 தேர்தலில் படுதோல்வி அடைந்தார். 1972இல் விட்லம் வென்று கட்டாய ஆட்சேர்ப்பை முடித்தார். லேதம் 2004இல் தோற்றார். கெவின் ரட் 2007இல் வென்று, 2008 யூனில் தெற்கு ஈராக்கில் இருந்த சுமார் 550 பேர் கொண்ட சண்டைப் படையைத் திருப்பி அழைத்தார்.

சரி, படை வீட்டுக்கு வந்தது. போர் முடிந்ததா?

இந்தக் கேள்வியை ஈழத்தமிழனிடம் கேட்கத் தேவையில்லை. எங்களுக்கும் ஒரு படை வந்தது, போனது. 1987 யூலை ஒப்பந்தத்தோடு இந்தியன் ஆமி வந்தது. ஒக்ரோபரில் சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியர்களும் நோயாளர்களும் சுடப்பட்டார்கள். இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் செத்தார்கள். 1989இல் பிரேமதாசா போ என்றார். ராஜீவின் அமைச்சரவையில் இருந்து முறித்துக்கொண்டு வெளியே வந்த வி.பி.சிங் அந்த வருட முடிவில் பிரதமரானார், மீட்பை முடித்துவைத்தார். 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டது. சென்னையில் நடந்த வரவேற்புக்குக் கலைஞர் போகவில்லை.

எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த காவலரணை விட்டு ஆமி போன மறுநாள், சனம் போய் மண்மூட்டைகளையும் தென்னங்குற்றிகளையும் வீடுகளுக்குக் கொண்டுபோனது. சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. சில மாதங்களில் அதே மூட்டைகள் வளவுக்குள் பங்கர் மூடப் பயன்பட்டன. யூனில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இந்தியாவுக்குப் போர் முடிந்தது, எங்களுக்கு முடிய இன்னும் 19 வருடம் இருந்தது.

ஆமி போயிருக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போகத்தான் வேண்டும். லேதம் சொன்னதும் சரிதான். அந்தப் போருக்கு அவுஸ்திரேலியா போயிருக்கவே கூடாது. ஆனால் ‘வீட்டுக்கு’ என்று அவர் சொன்னபோது அது யாருடைய வீடு? படையினரின் வீடு. ஈராக்கியனுடைய வீடு அந்தக் கணக்கில் இல்லை. ஹவார்ட்டின் கணக்கில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2001 ஒக்ரோபரில் இந்தோனேசியாவில் இருந்து இங்கே வர வெளிக்கிட்ட படகு ஒன்று தாண்டு 353 பேர் செத்தார்கள். சீவ் எக்ஸ் என்று அதைச் சொல்வார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் சதாமிடம் இருந்து தப்பி ஓடிவந்த ஈராக்கியர். படகில் வருபவர்களைத் தடுப்போம் என்று அப்போதுதான் தேர்தல் பிரச்சாரம் சூடாக நடந்தது. பதினேழு மாதம் கழித்து அதே ஈராக்கியரை விடுவிக்கப் போகிறோம் என்று விமானம் ஏறினார்கள்.

போரை எதிர்ப்பவர் எல்லோரும் அகதியின் நண்பர் என்று நினைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. வியட்நாம் போரை எதிர்த்த கோல்வெல்தான், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே தஞ்சம் புகுந்த ஆசியர்களைத் திருப்பி அனுப்ப 1949இல் சட்டம் கொண்டுவந்தவர். வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையைக் கடைசிவரை விடாதவர். மல்கம் பிரேசரோ வியட்நாம் போர்க்காலத்தில் இராணுவ அமைச்சராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். அந்தப் பிரேசர்தான் பிரதமரானதும் பல்லாயிரக்கணக்கான வியட்நாம் அகதிகளுக்குக் கதவைத் திறந்தார். நாங்கள் முருங்கைக்காயும் பாகற்காயும் வாங்கப் போகிற கப்ரமட்டாவும் ஸ்பிரிங்வேலும் அப்படித்தான் உருவாகின.

ரட்டையும் பாருங்கள். தங்கள் படையோடு வேலைசெய்த ஈராக்கிய மொழிபெயர்ப்பாளர்கள், அவர்களின் குடும்பங்கள் என்று சில நூறு பேரை 2008இல் அழைத்துக் குடியேற்றினார். அது நல்ல காரியம். அடுத்த வருடம் ஒக்ரோபரில், முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து மாதத்தில், 78 தமிழர்கள் ஓசியானிக் வைக்கிங் என்ற கப்பலில் இந்தோனேசியக் கரையோரம் ஒரு மாதமளவில் இறங்கமாட்டோம் என்று இருந்தார்கள். மேராக் துறைமுகத்தில் இன்னும் சுமார் 250 தமிழர்கள் படகிலேயே கிடந்தார்கள். 2013 யூலை 19ஆம் திகதி, இனிப் படகில் வரும் ஒருவருக்கும் இந்த நாட்டில் குடியிருக்க இடமில்லை என்று அறிவித்தவரும் ரட்தான்.

லேதம் என்ன ஆனார்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து எங்கள் கரைகளை அள்ளிக்கொண்டு போனபோது எதிர்க்கட்சித் தலைவரிடம் இருந்து நாட்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. கணைய அழற்சியோடு படுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. 2005 யனவரி 18ஆம் திகதி அரசியலை விட்டார். அதே வருடம் டயரியைப் புத்தகமாகப் போட்டுச் சொந்தக் கட்சிக்காரரையே கிழித்தார். 2018இல் போலின் ஹான்சனின் வன் நேசன் கட்சியில் சேர்ந்தார், 2019இல் நியூ சவுத் வேல்ஸ் மேற்சபைக்குப் போனார், 2023இல் அந்தக் கட்சியையும் முறித்துக்கொண்டு வந்தார். ஆசியர் வந்து நிறைகிறார்கள் என்று ஹான்சன் 1996இல் பேசியதை நாங்கள் மறக்கவில்லை.

அதனால் 2004இல் அவர் சொன்னது பிழையாகிவிடாது. ஈராக்கில் இருந்ததாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் இருக்கவில்லை. 2014இல் மோசூல் ஐ.எஸ். கையில் விழுந்தது, அவுஸ்திரேலிய விமானங்கள் திரும்ப அங்கே போயின. 2021 ஓகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் சனம் விமானத்தின் சில்லைப் பிடித்துக்கொண்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் படை வீடு திரும்ப ஒரு திகதி இருக்கிறது. அங்கே வீடில்லாமல் போனவர்களுக்கு மட்டும் திகதி இல்லை, வரிசையில் நில் என்ற பதில்தான்.

ஆகவே அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்கு வந்து, போரைத் தான் வெறுப்பதாகச் சொன்னால் கை தட்டுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: அந்தப் போரில் இருந்து தப்பி வருகிறவனை எங்கே இருக்கவிடுவீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு வாக்குப் போடுவோம். வட்டி வீதத்தையும் கேளுங்கள், அதுவும் தேவைதான்.