படுத்தால்தான் பாய் படியும்

நாலு நாளாக மழை விடாமல் பெய்த ஒரு மார்கழிக் காலையில், சுவரில் மாட்டியிருந்த பாயைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். தடவினால் விரலில் ஒட்டியது. பூஞ்சணம். திருகோணமலைச் சீனன்குடாவுக்கு வாடகை வீடு எடுத்து வந்த புதிதில், முன் அறைச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய பன்புல் பாய் அது. கரையில் சிவப்புச் சாயம், நடுவில் பன்னின் சொந்த நிறமான மங்கிய பொன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பூவும் பளபளப்புப் படங்களும் வேண்டாம், இந்தக் கரையில் விளைந்ததைக் கொண்டே வீட்டை வடிவாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அந்த விருப்பத்துக்காக வாங்கிய முதல் பொருளே கறுத்துப் போய்விட்டது.

எறிய மனம் வரவில்லை. தை பிறந்து மழை விட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு, அதை இழைத்தவரிடமே போனேன்.

சீனன்குடா என்றால் வெளியூர்க்காரர் மனதில் இரும்பும் சீமெந்தும்தான் வரும். பிரிமா மா ஆலையின் உயர்ந்த களஞ்சியங்கள், பற்றைக் காட்டுக்குள் நிற்கும் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள், விமானப்படைத் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் திருகோணமலைத் துறைமுகத்தையும் இங்குள்ள ஓடுபாதையையும் தேடித்தான். ஆனால் வெள்ளைமணலைத் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறி வலக்கைப் பக்கம் பார்த்தால் வேறோர் ஊர் தெரியும். ஆழமில்லாத தம்பலகாமம் குடா, கரையில் கண்டல் மரங்கள், அதற்கும் அப்பால் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளி. 2009இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே பாதை ஓடியது. ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் துறை கடத்தும் மிதவையைக் கிழக்கில் பாதை என்றுதான் சொல்வோம். எனக்குப் பாய் இழைத்துத் தந்த உம்மா, தலையில் பாய்க்கட்டோடு பாதையில் கடந்து திருகோணமலைக்கு விற்கப் போனவர்.

கிண்ணியாப் பக்கத்துச் சின்னக் கிராமம் ஒன்றில் அவர் வீடு. முற்றத்தில் மணல். விறாந்தையில் பாதி இழைத்த பாய் ஒன்று கிடக்க, அதன் மேல் குந்தியிருந்தார்.

"இரிங்க மகள். என்ன, பாய் சரியில்லையா?"

விரித்துக் காட்டினேன். பின்பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"இத எங்க போட்டு வெச்சீங்க?"

"சுவரில மாட்டினேன் உம்மா. வடிவாக இருந்தது."

"சுவத்துலயா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆள் படுத்தாத்தான் மகள் பாய் படியும். விரிக்கணும், சுருட்டணும், உதறணும், வெயில்ல போடணும். சும்மா வெச்சா அது செத்துப் போகும்."

நான் பல நாள் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விசயத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். வாடைக் காலத்தில் சீமெந்துச் சுவர் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். அதோடு ஒட்டிக் கிடக்கும் பாய்க்குக் காற்றுப் படாது. தரையில் விரித்த பாயோ ஒவ்வொரு காலையும் எழுப்பி உதறப்படுகிறது. எங்கள் பழைய வீடுகளில் பாயைச் சுருட்டி, கூரைக்குக் கீழே கட்டிய கயிற்றிலோ அடுப்படிப் பரணிலோ வைத்தது இடம் போதாமல் மட்டும் அல்ல. அங்கே காற்று உண்டு, புகை உண்டு, பூச்சி வராது.

அன்றைக்கு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவள், பொழுது சாயத்தான் புறப்பட்டேன். அதன் பிறகும் நாலு தடவை போனேன்.

பன் தண்ணீரில் நிற்கும் புல். குளத்து ஓரங்களிலும் வயல் வாய்க்கால் தேங்கிய சதுப்பிலும் ஆள் உயரத்துக்கு வளரும். மழைக்காலத்துத் தண்ணீர் வடியத் தொடங்கியதும் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, அடியோடு ஒட்ட அரிவாளால் அறுக்கிறார்கள். பங்குனி கடைசியில் நானும் கூடப் போனேன். அட்டை கடிக்கும் என்று காலில் சவர்க்காரம் பூசி விட்டார்கள். அறுத்ததைத் தரவாரியாகப் பிரித்து மணலில் பரப்பினால் பச்சை மெல்ல மெல்ல விலகி வெளிறும். அந்த நாட்களில் ஒரு மழை விழுந்தால் போதும், தண்டில் கறை பிடித்துவிடும், பிறகு அது நல்ல பாய்க்கு உதவாது. ஆகவே வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் காயப்போடுகிறார்கள். காய்ந்ததை இரவுப் பனியில் வைத்துப் பதப்படுத்தி, தட்டையான கட்டையால் நீவுகிறார்கள். உருண்ட தண்டு நாடாவாகப் படிந்து கொடுக்கும்போது ஒரு சத்தம் வரும், பட்டுச் சேலை மடிக்கும்போது வருமே, அதே சத்தம்.

தமிழ்நாட்டில் பத்தமடைப் பாயை எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் இழைப்பவர்கள் முஸ்லிம் மக்கள்தான். ஆனால் அது பருத்தி நூலைப் பாவாக ஓட்டித் தறியில் நெய்வது. இங்கே தறி இல்லை, நூல் இல்லை. பன்னோடு பன் குறுக்கே ஓடுகிறது. உம்மா ஒரு பக்கக் குதிக்காலால் இழைத்த பகுதியை அமர்த்திக்கொண்டு, இரண்டு எடுத்து இரண்டு விட்டு விரலாலேயே போகிறார். இறுக்கம் முழுவதும் கட்டை விரலில் இருக்கிறது. அவருடைய வலது கட்டை விரல் நகம் பக்கவாட்டில் தேய்ந்து போயிருந்தது. நடுவில் பேசுகிறார், பேரப்பிள்ளையை அதட்டுகிறார், தேத்தண்ணி குடிக்கிறார். எண்ணிக்கை மட்டும் தவறவில்லை. ஓரத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நுனிகளை மடித்து உள்ளே செருகும் இடம் அதுதான். அங்கே தளர்ந்தால் பாய் ஒரு வருசத்தில் பிரிந்துவிடும். நான் பார்த்திருக்கத் தொடங்கிய பாய் மூன்றாம் நாள் பின்னேரம் முடிந்தது.

விலையைக் கேட்டேன். மேசன் வேலைக்குப் போகும் தன் மகனுக்கு ஒரு நாளில் கிடைப்பது தனக்கு ஒரு முழுப் பாயில் கிடைப்பதில்லை என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். எனக்குத்தான் சுள்ளென்று இருந்தது. 'இயற்கையான வீடு' என்று நாங்கள் பெருமைப்படும் வீட்டின் மலிவு யாருடைய மூன்று நாளில் இருந்து வருகிறது என்பதை வாங்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

சாயம் பற்றியும் சொல்ல வேண்டும். பாயின் சிவப்பைப் பார்த்து அது பதிமுகக் கட்டையில் இறக்கிய நிறமென்றே நினைத்திருந்தேன். உம்மாவின் மருமகள், நான் ராத்தா என்று கூப்பிடும் பெண், கடையில் வாங்கும் சாயத்தூள் பைக்கற்றைக் காட்டினார். பெரிய பானையில் கொதிக்கவைத்து, பன்னைக் கட்டுக் கட்டாக முக்கி எடுக்கிறார்கள். மிஞ்சிய சாயத்தண்ணி வேலிக்கு அப்பால் மணலில் ஊற்றப்படுகிறது. கிணறு இருபதடி தூரத்தில். "மரச் சாயம் முந்தி உம்மும்மா போட்டவங்க. இப்ப அந்த நிறம் மங்கலா இருக்கெண்டு ஒருத்தரும் வாங்குறதில்ல" என்றார் ராத்தா. அவர்மேல் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. பளிச்சென்ற நிறத்தை ஆசைப்பட்டு வாங்கியவள் நான்தானே. அடுத்த பாய்க்குச் சாயமே வேண்டாம் என்றேன். சேற்றுக்குப் பக்கத்தில் நின்ற தண்டின் அடியும் வெயிலில் நின்ற நுனியும் ஒரே நிறம் அல்ல. அந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் சாயமில்லாமலே வரி விழும் என்று உம்மா ஒரு சாண் இழைத்துக் காட்டினார். அதைவிட அழகான கரையை நான் கண்டதில்லை.

கிண்ணியாவிலிருந்து திரும்பும்போதெல்லாம் பாலத்தில் கொஞ்சம் நின்று குடாவைப் பார்ப்பேன். இந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் யன்னலும் தந்தது. தட்டுப்போலத் தட்டையான, ஒளி ஊடுருவும் சிப்பி ஒன்று இங்கே சேற்றுப் படுகையில் வளர்ந்தது. கண்ணாடி மலிவாகாத நாட்களில் கோவாவிலும் பிலிப்பைன்சிலும் இந்த இனச் சிப்பியைச் சிறு சிறு சதுரமாக வெட்டி யன்னல் சட்டத்தில் பதித்தார்கள். வெயில் அதன் வழியே பால்போல இறங்கும். தம்பலகாமத்தில் இதை எடுத்தது பெரும்பாலும் முத்துக்காக. மிகச் சிறிய முத்து, நகைக்கு உதவாது. மருந்துக்கும், வசதியானவர்களின் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இந்தியாவுக்குப் போனது. 1859இல் எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் இந்தக் குடாவைக் குறிப்பிடுகிறார். 1906இல் ஜேம்ஸ் ஹோர்னல் இந்த முத்துக்குளிப்பைப் பற்றி மட்டும் தனி அறிக்கையே எழுதினார்.

அந்தச் சிப்பியில் செய்த விளக்குகள் இப்போதும் அலங்காரக் கடைகளில் தொங்குகின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாங்கமாட்டேன். பன்னை அறுத்தால் அடுத்த மழைக்குத் தளிர்க்கும். சிப்பிப் படுகையைக் கிளறி அள்ளினால் அப்படித் திரும்பி வராது. இந்தியாவில் அது வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்த உயிர். கடலில் இருந்து வந்தது, பிளாஸ்டிக் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருள் நல்லதாகிவிடாது.

விளக்குக்கு நான் பனையோலைக்குப் போனேன். சம்பூரைச் சேர்ந்த அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். 2006இல் இடம்பெயர்ந்து, முகாமில் பல வருசம் இருந்து, ஊர் திரும்பியவர். முகாமில் இருந்த காலத்திலும் ஓலை கிடைத்தால் பெட்டி இழைத்தாராம். "கை சும்மா இருந்தா மனம் அங்க இங்க போகும், தங்கச்சி. ஓலையைப் பிடிச்சா ஒரு இடத்தில நிக்கும்" என்றார். விரியாத குருத்தோலையை வெட்டி வெயிலில் காயவிட்டால் தந்த நிறத்துக்கு வரும். ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்துக்கு வார்ந்துகொள்கிறார். முற்றிய ஓலை கடகத்துக்கும் பாய்க்கும், குருத்து மட்டும் நுண்ணிய வேலைக்கு. கடைசியில் விளிம்பை ஈர்க்கு வைத்துப் பொத்துவதில்தான் ஒரு பெட்டியின் ஆயுள் இருக்கிறது.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கிய நாளில் இருந்து ஓலைக் கைப்பணிக்குப் பயிற்சியும் விற்பனையும் ஓரளவு கிடைத்துவருகிறது. ஆனால் கடைக்காகச் செய்யும்போது மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார்கள். அடித்தால் இரண்டு மாதம் மினுங்கும், பிறகு மடிப்புகளில் வெடிக்கும். அக்காவின் தாயார் மா வைத்திருந்த மூடல்பெட்டி நாற்பது வருசப் பழசு. வார்னிஷ் கண்டதில்லை. கை பட்டுப் பட்டே தேன் நிறத்துக்கு வந்து மினுங்குகிறது.

அவர் இழைத்த ஆழமான பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என் முன் அறையில் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே அதிகம் சூடாகாத எல்ஈடி குமிழ். இரவில் எரியவிட்டால் ஓலை இடுக்கில் இருந்து சிறு சிறு கட்டங்களாக வெளிச்சம் சுவரில் விழுகிறது. அதனால் அந்தச் சுவரில் வேறொன்றும் மாட்டவில்லை.

வீட்டின் மேற்குப் பக்கம்தான் பெரிய பாடு. வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும். அந்தப் பக்க யன்னலுக்கு வெளியே கிடுகுப் பந்தல் போட்டேன். தென்னோலையை உவர்த் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டுப் பின்னினால் ஓலை வளைந்து கொடுக்கும், கறையானும் எளிதில் அண்டாது. குடாக்கரை ஆட்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். எப்படியும் ஓரிரு வருசத்தில் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவது செலவு என்று வீட்டுக்காரர் தகரம் போடச் சொன்னார். மதியத்தில் தகரத்துக்குக் கீழேயும் கிடுகுக்குக் கீழேயும் அவரை மாறி மாறி நிற்கவைத்தேன். மறுபேச்சுப் பேசவில்லை.

கொழும்புப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு நாற்பது பாய்கள் தேவை என்று ஒருவர் உம்மாவிடம் வந்து போனதாக ராத்தா சொன்னார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்க வேண்டும், சுவரில் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்களாம். மாதிரிக்கு இரண்டு கொடுத்தார்கள். ஓரம் சுருளுகிறது என்று திரும்பி வந்தது. புதுப் பாயின் ஓரம் சுருளத்தான் செய்யும், நாலு இரவு ஆள் பாரம் பட்டால் தானாகத் தரையோடு சேரும். அதை அந்த ஆளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன். விடுதியில பாயில யாரு படுக்கிறது எண்டார்" என்றார் உம்மா. குரலில் கோபம் இல்லை. திரும்பி வந்த இரண்டு பாயையும் பேரப்பிள்ளைகளுக்கு விரித்திருந்தார்.

என் கறுத்த பாயை அவர் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டுத் திருப்பித் தந்தார். புள்ளிகள் முழுக்கப் போகவில்லை. சித்திரை விடுமுறைக்கு என் சொந்த அக்காவும் பிள்ளைகளும் வந்தபோது முன் அறையில் அதை விரித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளும் அதிலேயே உருண்டு, அதிலேயே சண்டை பிடித்து, அதிலேயே தூங்கிப்போனார்கள். எங்கெங்கோ தேடி வாங்கும் பூவேலைக் கம்பளம்கூட அப்படி மூன்று பேரைச் சேர்த்து வைத்திருக்குமோ தெரியாது. அவர்கள் ஊருக்குப் போன பிறகு பார்த்தேன். ஒரு வருசமாக மேலே சுருண்டுகொண்டே இருந்த வலப்பக்க மூலை தரையோடு ஒட்டிக் கிடந்தது.

சாயமில்லாத பாய்க்கு முற்பணம் கொடுக்கப் போனேன். உம்மா வாங்கவில்லை. "அடியும் நுனியும் சேத்து ஓட்டுறதுக்கு நீட்டுப் பன் வேணும் மகள். இந்த வருசத்துப் பன் கட்டை. அடுத்த மழை பெஞ்சு, தண்ணி வத்தட்டும். பங்குனிக்கு வாங்க" என்றார்.