குப்பைக்கும் ஒரு காஸ்டிங்

எங்க வீட்டில் இரண்டு பக்கெட். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. பால் கவரைக்கூட கழுவிக் காய வைத்துத்தான் அம்மா நீலத்தில் போடுவார். வாழைப்பழத் தோலை மாற்றிப் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு :)

போன மாதம் ஒருநாள் காலை மாடியிலிருந்து பார்த்தால், தள்ளுவண்டி அக்கா இரண்டு பக்கெட்டையும் ஒரே டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார். வந்ததே கோபம்! உடனே நகராட்சிக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். ஏதோ பெரிய சமூக சேவை செய்த திருப்தி வேறு.

மறுநாள் அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, நீங்கதான் சொன்னீங்களாமே. இன்னொரு தடவை புகார் வந்தா வேலைக்கே வராதேன்னு மேஸ்திரி சொல்றாரு." சத்தமே போடவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வண்டியை எட்டிப் பார்த்தேன். நாலு டிரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான். அதில் ஒன்றுக்கு அடியில் ஓட்டை. "இதுல எதை எங்க பிரிக்கிறது தம்பி? லாரி வர்றதுக்குள்ள நாலு தெரு முடிக்கணும். டிரம் கேட்டு வாயே வலிக்குது" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அடுத்த வாரம் எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம். (கிராம சபை மாதிரி நகரத்துக்கு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்றுதான் இது தொடங்கியது.) பேச்சு முழுக்க குப்பைதான். "வண்டி தினமும் வர்றதில்ல", "அவங்க சோம்பேறிங்க சார்" என்று ஆளாளுக்குப் பொரிந்தார்கள். அக்கா பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். அதிகாரி ஒரு பேப்பரை எடுத்து, தினமும் எத்தனை டன் அள்ளுகிறோம் என்று வாசித்தார். எடை கூடியிருக்கிறதாம். எல்லாருக்கும் திருப்தி.

எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு ஞாபகம் வந்தது. எந்த யூனிட்டை வைத்துக் கணக்குப் பார்க்கிறோமோ, அதைக் கூட்டத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். டன்னை மட்டும் எண்ணினால் பிரித்த குப்பையும் ஒன்றுதான், கலந்த குப்பையும் ஒன்றுதான். சென்னையில் 2000-ல் ஓனிக்ஸ் நிறுவனம் வந்தபோது டன் கணக்கில்தான் பணம். 2020-ல் போட்ட ஒப்பந்தத்தில்தான் எடையை விட்டுவிட்டு, வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைப் பார்த்துப் பணம் தரும் முறைக்கு மாறினார்கள். சென்னைக்கே இருபது வருஷம்!

மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள் வீட்டில் பிரிப்பதை நம் கடமை என்றன. ஆனால் பிரித்ததைக் கலக்காமல் எடுத்துப்போவதை உள்ளாட்சியின் கடமை என்றும் சொல்லின. முதல் பாதிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

கை நடுங்க எழுந்தேன். "எடை சொன்னீங்க சார். அதுல பிரிச்சு வந்தது எவ்வளவு? எத்தனை வண்டில முழுசா டிரம் இருக்கு?"

"அந்தக் கணக்கு எடுக்கறதில்லை தம்பி."

"நான் போன மாசம் கொடுத்த புகார் தப்பு சார். அந்தக்கா மேல தப்பில்ல. டிரம் இல்லன்னு எழுதிக்கோங்க" என்றேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். நானே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

டிரம் இன்னும் வரவில்லை. அம்மா ஒரு பழைய அரிசிச் சாக்கைக் கொடுத்தார். அக்கா அதை வண்டிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டார். இப்போது எங்கள் தெருவின் நீலப் பக்கெட்டுகள் எல்லாம் அதில்தான் காலியாகின்றன. நகராட்சிக்கு ஆன செலவு பூஜ்யம். இது பெருமைப்படவேண்டிய விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்க தெரு வண்டியில் எத்தனை டிரம் இருக்கு? நாளைக்குக் காலையில் புகார் கொடுப்பதற்கு முன்னால் ஒருதடவை எட்டிப் பாருங்களேன்.