11004-க்கு எந்த ஊர்?

நீர்க்கம்பு வைத்து ஜன்னல் கழுவுகிறவர்கள் கம்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கார்பன் ஃபைபரா, கண்ணாடியிழையா, எத்தனை அடி நீளும், நாள் முழுக்கத் தூக்கினால் தோள்பட்டை தாங்குமா என்று பேச்சு போகும். பிரஷ்ஷுக்குப் பன்றி முடி நல்லதா, நைலான் நல்லதா என்று சண்டையே நடக்கும். பிரஷ்ஷிலிருந்து தண்ணீரைக் கண்ணாடிமேல் விடுகிற நாசிலுக்கு வந்தால் மட்டும், "பென்சில் ஜெட் கோடாக அடிக்கும், ஃபேன் ஜெட் விசிறியாக அடிக்கும்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

எனக்கு அது போதவில்லை. நான் வேலை செய்வது இங்கிலாந்தின் தென்கிழக்கில். இங்கே குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவது. கண்ணாடியில் அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி பூக்கும். அதனால் ஆர்.ஓ. சவ்விலும் ரெசினிலும் வடித்து, உப்பு துளியும் இல்லாத தண்ணீரைத்தான் கம்பின் நுனிக்கு ஏற்றுகிறோம். உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் பிரிட்டனில் 2005-இல் வந்தபின், ஏணி ஏறாமல் தரையில் நின்றே முடிக்கிற இந்த முறை வேகமாகப் பரவியது. இதில் துணிபோட்டுத் துடைக்கிற வேலை இல்லை. கடைசியாக வழிகிற தண்ணீர் எதை இழுத்துக்கொண்டு போகிறதோ, எதை விட்டுவிட்டுப் போகிறதோ, அதுதான் வேலையின் தரம். அந்தக் கடைசி அலசல் முழுக்க நாசில் கையில் இருக்கிறது.

என் பிரஷ்ஷில் இருந்த விசிறி நாசில் சிவப்பு பிளாஸ்டிக். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, முகத்தில் 11004 என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தது. வாங்கிய ரசீதில் "ஃபேன் ஜெட், நடுத்தரம்" என்று மட்டும் இருந்தது. விற்றவருக்கு அந்த எண்ணைப் பற்றி எதுவும் தெரியவில்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடியதில் போய்ச் சேர்ந்த இடம், கென்ட்டில் விவசாயிகளுக்குத் தெளிப்பான் உதிரி விற்கும் ஒரு கடை. கடைக்காரர் எண்ணைப் படிக்கக்கூட இல்லை. நிறத்தைப் பார்த்ததுமே "நாலாம் நம்பர்" என்றார். அடுத்து, "எத்தனை பாரில் ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். கண்ணாடித் தொழிலில் அதுவரை என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது.

வயல்காரர்களுக்கு அந்த எண் அத்துப்படி. 110 என்பது விசிறி விரியும் கோணம். 04 என்றால் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 2.8 பாரில், நிமிடத்துக்கு 0.4 அமெரிக்க கேலன். நம் கணக்கில் ஒன்றரை லிட்டர். நிறத்துக்கும் ஐ.எஸ்.ஓ. 10625 என்ற தரவிதி உண்டு: மஞ்சள் 02, நீலம் 03, சிவப்பு 04. 1937-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ப்ரேயிங் சிஸ்டம்ஸ் கம்பெனியின் டீஜெட் நாசில்களில் இருப்பது இந்த எண்முறைதான். இன்று மற்றவர்களும் இதையே பொறிக்கிறார்கள். போருக்குப் பிறகு 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் பரவியபோது, டிராக்டரின் நீண்ட குறுக்குக் கையான பூமில் வரிசையாக மாட்டிய விசிறி நாசில்தான் வயலில் நிலைத்தது. நம் ஊர்க் கைத்தெளிப்பானில் பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில் என்று மாற்றி மாட்டுகிறோமே, அதே வகைதான் என் பிரஷ்ஷிலும் உட்கார்ந்திருந்தது. வேனில் இருக்கிற 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பின் உறவினர்களும் அந்தக் கடை அலமாரியில் இருந்தார்கள்.

பழைய நாசில் ஒன்றை நடுவாக அறுத்துப் பார்த்தேன். உள்ளே அரைக்கோளக் குழிவு. வெளியிலிருந்து அதன் குறுக்கே 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பூனைக் கண்மணி போல நீண்ட ஒரு துவாரம். குழிவின் இரு பக்கத்திலிருந்தும் இறங்கும் தண்ணீர் அந்த வாயில் மோதி, மோதிய திசைக்குக் குறுக்கே மெல்லிய தகடாக விரிகிறது. நீர்த்தாரைகள் மோதினால் தகடு பிறக்கும் என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் சவார் 1833-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மின்காந்தவியல் படித்தவர்களுக்கு பயோ–சவார் விதியால் தெரிந்த அதே சவார். தகடு விரிவதற்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் நீரின் பரப்பு இழுவிசை இரு ஓரங்களையும் உள்ளே இழுத்து விசிறியை மடக்கிவிடும். அழுத்தம் இல்லாத இடத்தில் 110 டிகிரி என்பது வெறும் எழுத்து.

பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினேன். வேனருகே தெம்பாக நின்ற முள், அங்கே ஒரு பாருக்கும் கீழே படுத்துக்கிடந்தது. கணக்குப் போட்டால் காரணம் விளங்குகிறது. இரண்டு 04 நாசில் சொன்னபடி அடிக்க நிமிடத்துக்கு 3 லிட்டர் வேண்டும். 6 மி.மீ. உள்விட்டமுள்ள 100 மீட்டர் குழாயில் அவ்வளவு தண்ணீர் போனால் உராய்வில் மட்டும் 8 பார் போகும். பம்போ 7 பாரில் நின்றுவிடும். பத்து மீட்டர் ஏற்றுவதற்கு இன்னும் ஒரு பார் தனி. 8 மி.மீ. குழாயானால் உராய்வு இழப்பு 2 பாராகக் குறைகிறது. அரை அங்குலம்கூட இல்லாத குழாயில் 2 மி.மீ. கூடினால் இவ்வளவு வித்தியாசம்.

இங்கேதான் தேர்வு தலைகீழாகிறது. விசிறி நன்றாக விரியவில்லை என்றால் பெரிய நாசிலாகப் போடு என்பார்கள். ஆனால் மெல்லிய குழாய்க்காரர் சின்ன எண்ணுக்குத்தான் இறங்க வேண்டும். மஞ்சள் 02 இரண்டு போட்டால் ஒன்றரை லிட்டர் போதும். உராய்வில் போவது இரண்டரை பார்தான், மிச்ச அழுத்தம் விசிறிக்குக் கிடைக்கிறது. துளி பொடியாவதால் காற்றில் பறக்கும் என்பது அதன் குறை. காற்றுள்ள நாளிலும் உயரமான கட்டடத்திலும் நான் பென்சில் ஜெட்டுக்கே போகிறேன். 2 மி.மீ. துளை வழியே நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட அரை பார்கூட வேண்டாம். தண்ணீர் படர்ந்து ஓடும் கண்ணாடிக்கு அது தாராளம். சிலிகான் படிந்தோ பூச்சு இருந்தோ தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும் கண்ணாடியில்தான் இரண்டு கோடுகளுக்கு இடையே முத்துகள் தப்பிவிடுகின்றன. விசிறிக்குக் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும் இடம் அது. விற்கிறவர்கள் "நடுத்தரம்" என்று எழுதுவதை விட்டு, எண்ணையும் அழுத்தத்தையும் எழுத வேண்டும். வாங்குகிறவர் தன் குழாயை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

வயல் நாசிலில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அதன் விசிறி ஓரத்தில் மெலியும்; பூமில் பக்கத்து நாசிலின் விசிறி அதன்மேல் விழுந்து அந்தக் குறையை நிரப்பும். ஓரம் வரை சீராக விழ வேண்டுமென்றால் எண்ணுக்குப் பின் 'இ' எழுத்துள்ள வகை இருக்கிறது. பட்டையாக மருந்தடிக்கச் செய்தது, அலசலுக்கும் பொருந்துகிறது. சாதாரண வகையையே மாட்டுவதென்றால், பக்கத்துப் பக்கத்து விசிறிகள் மோதாமலிருக்க பூமில் செய்வதுபோல வெட்டைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். 10 டிகிரி போதும். அப்படித் திருப்பி மாட்டியதும், என் கண்ணாடிகளின் நடுவில் விழுந்துகொண்டிருந்த கனத்த நீர்க்கோடு நின்றுவிட்டது.