ராத்திரி ரெண்டு மணி ஆணி

புனேவுக்குப் பொட்டி தட்ட வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. என் மராத்தி இன்னும் காய்கறிக் கடையைத் தாண்டலை. ஆனா "தாதா, ஜாப் ஃபெயில் ஜாலா!" மட்டும் தூக்கத்துலயும் புரியும். ஹிஞ்சவடி ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் பார்க்கிற சோலாப்பூர்ப் பையன் ராத்திரி ரெண்டு மணிக்குச் சொல்றது.

அப்போ எல்லாமே க்ரான்தான். 1 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப், 2 மணிக்கு வேற சர்வருக்குக் காப்பி, 3 மணிக்குப் பழசை அழி. க்ரானுக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும். முந்தின வேலை முடிஞ்சுதான்னு கேக்காது. ஒரு மாசக் கடைசியில பேக்கப் மூணு மணி தாண்டியும் ஓடிச்சு. அரைகுறை ஃபைல் காப்பி ஆச்சு, பழைய நல்ல பேக்கப் அழிஞ்சு போச்சு. அன்னிக்கு டேட்டாபேஸ் படுக்கலை, அதனால பிழைச்சோம்.

அதுக்கப்புறம் 2021-ல ஏர்ஃப்ளோ கத்துக்க உக்காந்தேன். 2014-ல ஏர்பிஎன்பியில மாக்ஸிம் பூஷமின் ஆரம்பிச்சது, 2019-ல இருந்து அப்பாச்சியோட முழு ப்ராஜக்ட். எந்த வேலைக்கப்புறம் எதுன்னு பைத்தான்ல எழுதணும். முன்னது ஜெயிச்சாத்தான் பின்னது கிளம்பும். தோத்தா, நாம சொன்ன தடவை திரும்ப முயற்சி பண்ணும்.

தங்கமணி கிட்ட பெருமையா விளக்கினேன். "எண்ணெய் காயாம கடுகு போடக்கூடாது, அவ்வளவுதானே? இதுக்கா இத்தனை நாள் படிப்பு?"

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆரம்பத் தேதியை ஒரு மாசம் முன்னாடி போட்டுட்டேன். விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து அது வரிசையா ஓடி, முப்பது ரிப்போர்ட் மெயில் மேனேஜருக்குப் போச்சு. (2025-ல வந்த 3-ம் பதிப்புலதான் அந்தப் பழக்கத்தை நிறுத்தி வெச்சாங்க.) பாடம்: ஒரு வேலையை ரெண்டு தடவை ஓட்டினாலும் விளைவு ஒண்ணாவே இருக்கணும்.

எல்லாம் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சதும் அந்தப் பையன் கேட்டான்: "தாதா, இனிமே உங்களை எழுப்ப நான் எதுக்கு?"

பதில் சொல்ல முடியலை. சனிக்கிழமைகள்ல பக்கத்துல உக்காரவெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு மாசத்துல எங்க டீமுக்கே வந்துட்டான். கூட இருந்த ரெண்டு பேருக்கு அது நடக்கலை. ஷிஃப்டையே எடுத்துட்டாங்க.

இப்போ ராத்திரி ஃபோன் வர்றதில்லை. ஆனா ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது.