அடுப்பை அணைத்த பிறகு வரும் கை

 

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளும், ரீவியைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் ஓடும் பிள்ளைகளின் பெற்றோரும் கடைசி வரை வாசித்தால் எங்களுக்குச் சந்தோசம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் சமையல் நிகழ்ச்சிகளுக்கு எதிரி இல்லை. வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலேயே ஆளுக்கொரு சமையல் வீடியோவை மற்றவருக்கு அனுப்பிக்கொண்டு இருந்தவர்கள். விஜய் ரீவியில் 2019 நவம்பரில் ‘குக் வித் கோமாளி’ தொடங்கியது. அதன் இரண்டாவது பருவம் கொரோனா நேரத்தில் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே போக முடியாத அந்த நாட்களில் அந்தச் சிரிப்பு பெரிய ஆறுதல். குசினிப் பக்கமே போகாத ஆண் பிள்ளைகள் கரண்டி பிடிக்கத் தொடங்கியதும் இப்படியான நிகழ்ச்சிகளால்தான். அதை நாங்கள் நன்மையாகவே பார்க்கிறோம்.

எங்கள் கவலை வேறு.

போன தவணை தரம் 8 பிள்ளைகளுக்குச் சுகாதார பாடத்தில் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். விரும்பிய சமையல் நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்க வேண்டும். சமைப்பவர் கை கழுவும் ஒவ்வொரு தரமும் கொப்பியில் ஒரு கோடு. விரலை நக்கினாலோ, தலைமயிரைத் தொட்டாலோ, ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விட்டாலோ ஒரு புள்ளடி. அடுத்த கிழமை கொப்பிகளைப் பார்த்தால் புள்ளடிகள் வரிசையாக நிற்கின்றன. கோடு உள்ள கொப்பியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“ரீச்சர், அவையள் கையே கழுவேல்லை. ஆனா எல்லாரும் நல்லாயிருக்கு எண்டு சாப்பிடீனம்தானே? ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

நியாயமான கேள்வி. வகுப்பில் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம்.

அவர்கள் கை கழுவவில்லை என்று நாங்கள் சொல்ல முடியாது. கழுவியதைக் காட்டவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். ஒருவர் குழாயடியில் நின்று இருபது செக்கன் கை தேய்ப்பதைப் பார்க்க யாரும் ரீவி போடுவதில்லை. படத்தொகுப்பில் முதலில் வெட்டுப்படுவது அந்த இருபது செக்கன்தான். பலகையைக் கழுவுவது, கத்தியை மாற்றுவது, மேசையைத் துடைப்பது எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது உப்பை உயரத்திலிருந்து தூவுவது, விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடுவது, தோளில் கிடக்கும் துவாயில் கையைத் துடைப்பது. பிள்ளை சமையல் என்று படிப்பது இந்த மிச்சத்தைத்தான்.

ஜேர்மனியில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள அரச இடர் மதிப்பீட்டு நிறுவனம் 100 சமையல் நிகழ்ச்சிகளை எடுத்து எண்ணியது. சராசரியாக 50 செக்கனுக்கு ஒரு சுகாதாரத் தவறு. அதிகம் கண்டவை: அழுக்குக் கையைக் குசினித் துணியில் துடைப்பது, உப்பைக் கையால் அள்ளிப் போடுவது, கழுவாத பலகையிலேயே அடுத்ததை வெட்டுவது. அதோடு நிற்காமல், ஆட்களைக் கூப்பிட்டு ஒரு கோழி சலாட் செய்முறையை வீடியோவில் காட்டி, அதையே சமைக்கச் சொன்னார்கள். சுத்தமாகச் செய்யும் வீடியோவைப் பார்த்தவர்கள், கவனமில்லாமல் செய்யும் வீடியோவைப் பார்த்தவர்களை விடச் சுத்தமாகச் சமைத்தார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. கண் பார்த்ததைக் கை செய்தது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இத்தனை புள்ளடி விழுந்தும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காமல் போவதற்குக் காரணம் அடுப்பு. உணவின் நடுப்பகுதி வரை 70 பாகை சூடு ஏறினால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் செத்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழுவாத கையால் வெங்காயம் வெட்டினாலும், கொதிக்கும் கறி அந்தத் தவறை மன்னித்துவிடுகிறது. ஆனால் அடுப்பை அணைத்த பிறகு மன்னிக்க யாரும் இல்லை.

ரீவி ஆடம்பரம் எல்லாம் எப்போது தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகு! தட்டில் அடுக்குவது, கொத்தமல்லி இலையை விரலால் தூவுவது, கேக்கின் மேல் பழத்தை ஒவ்வொன்றாக வைப்பது, கிரீமை விரலால் சரி செய்வது. 2017 ஜனவரியில் துருக்கிச் சமையல்காரர் நுஸ்ரெட் கோக்சேயின் வீடியோ உலகம் முழுக்க ஓடியது ஞாபகம் இருக்கும். உப்பைக் கையிலிருந்து முழங்கை வழியாக உருட்டி விழுத்துவார். அந்த உப்பு விழுந்தது சுட்டு வெட்டிய இறைச்சியின் மேல். அதன் பிறகு அந்த இறைச்சி போகும் இடம் சாப்பிடுபவரின் வாய்தான். கமரா மிகவும் விரும்பும் நேரமும், கை மிகவும் சுத்தமாக இருக்க வேண்டிய நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

இதற்கு நூறு வருடத்துக்கு முந்திய கதை ஒன்று இருக்கிறது. மேரி மலன் என்று ஒரு சமையல்காரப் பெண். 1906 கோடையில் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் ஒய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சமைத்தார். அந்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மேரிக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கிருமி அவர் உடம்பில் இருந்தது. விசாரித்தவர் ஜோர்ஜ் சோப்பர். சமையல்காரர் கை பட்டாலும் சூட்டில் கிருமி சாகுமே, பிறகு எப்படிப் பரவியது என்று அவர் யோசித்தார். கடைசியில் அவர் சந்தேகப்பட்டது மேரி செய்யும் ஐஸ்கிரீமை. பச்சையாக வெட்டிய பீச் பழம் போட்ட ஐஸ்கிரீம். அந்தப் பழத்துக்கு அடுப்பு இல்லை. மேரியை ஒரு தீவில் அடைத்து வைத்தார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்ற உறுதியோடு 1910இல் விட்டார்கள். 1915இல் பெண்கள் வைத்தியசாலை ஒன்றில் வேறு பெயரில் சமைத்தபோது மறுபடி பிடிபட்டார். 1938இல் சாகும் வரை தீவுதான். சுகமாக இருக்கும் தன்னால் மற்றவருக்கு நோய் வரும் என்பதை அந்தப் பெண் கடைசி வரை நம்பவில்லை. பாவம்தான்.

நியூயோர்க் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நெருப்புக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்றாக யாழ்ப்பாணம் பல வருடம் இருந்திருக்கிறது. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே விடுவது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. ஒரே வளவுக்குள் கிணறும் மலகூடக் குழியும். காய்ச்சல் மாறிய பிறகும் சிலரின் பித்தப்பையில் அந்தக் கிருமி தங்கிவிடும். ஆள் சுகமாக வேலைக்குப் போவார், சமைப்பார், பரிமாறுவார். ஆகவே “நாங்கள் சுகமாத்தானே இருக்கிறம்” என்பது கை கழுவாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

எங்கள் சமையலிலும் அடுப்புக்குப் பிறகு கை படுவது நிறைய. சம்பல் கையால் பிசைவது. பழக்கலவை, பச்சை வெங்காயச் சலாட், நோன்பு திறக்கக் கரைக்கும் சர்பத். அவித்து இறக்கிய புட்டை உதிர்த்து விடுவது. வட்டிலப்பத்தின் மேல் கஜு வைப்பது. கையால் செய்வதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதுதான் விசயம்.

எங்கள் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இந்தப் பக்கத்துப் பழைய அம்மாமார் உப்புப் பார்க்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். அகப்பையால் ஒரு சொட்டு ஆணத்தை உள்ளங்கையில் விட்டுத்தான் ருசி பார்ப்பார்கள். அகப்பை வாயில் படாது. பிறகு கையைக் கழுவிக்கொள்வார்கள். சான்றிதழ் வைத்திருக்கும் ரீவி சமையல்காரர் பலர் கரண்டியை வாயில் வைத்துவிட்டு அதே கரண்டியால் கிண்டும்போது எங்களுக்கு அந்த உள்ளங்கைதான் நினைவு வரும்.

எங்கள் உம்மம்மா 1990 ஒக்டோபரில் சாவகச்சேரியை விட்டுக் கையில் கிடைத்ததோடு வெளியேறியவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த வருடங்களில் ஒரு வாளி தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். அந்தத் தண்ணீரிலும் கை கழுவ என்று ஒரு செம்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உலை வைப்பாராம். இன்று குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நேரம் இல்லை என்கிறோம்.

எங்கள் விருந்துகளில் சஹனைச் சுற்றிப் பலர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அதற்கு முன் ஒருவர் தண்ணீரும் பாத்திரமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றுவார். எல்லோரும் பார்க்கக் கை கழுவுவது அங்கே விருந்தின் ஒரு பகுதி. ரீவி வெட்டி எறியும் காட்சியை நாங்கள் நடு வீட்டில் வைத்து நடத்தியிருக்கிறோம். இப்போது சில இடங்களில் அதற்குப் பதில் ஆளுக்கொரு கடதாசி. கடதாசி ஈரத்தைத் துடைக்கும். கிருமியைக் கழுவாது.

கையுறை பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புக் கையுறை போட்டால் வீடியோ அழகாக வரும் என்று ஒரு நினைப்பு வந்திருக்கிறது. அதே கையுறையோடு போனை எடுப்பது, காசை வாங்குவது, மூக்கைத் தொடுவது, பிறகு கேக்கைத் தொடுவது. கையுறையும் ஒரு தோல்தான். மாற்றாத கையுறையை விடச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய வெறுங்கை எவ்வளவோ மேல். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் காயத்தை மூடிக் கையுறை கட்டாயம்.

ஆடம்பரமே கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. இரவில் கொத்துரொட்டி போடும் சத்தத்தை விட எங்கள் ஊரில் பெரிய ஆடம்பரம் என்ன இருக்கிறது? தகடு கொதிக்கிறது, இரும்புத் தகடுகள்தான் உணவைத் தொடுகின்றன, எல்லாம் எங்கள் கண் முன்னால். நல்ல காட்சியும் சுத்தமும் சேர்ந்தே வரலாம். கொத்துப் போடுபவர் கையில் காசு கொடுக்காமல் வேறு ஆளிடம் கொடுக்கும் ஒழுங்கு மட்டும் இருந்தால் போதும்.

இப்போது கேக் செய்யும் சகோதரிகளுக்கு. 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்த வருமானத்தில் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் கேக்கை நாங்களும் வாங்குகிறோம். ஒரு பிறந்தநாள் வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால், கேக்கில் பிழை இல்லாவிட்டாலும் பழி கேக்கில்தான் விழும். கட்டிய பெயர் ஒரு நாளில் போய்விடும். ஆகவே சில விசயங்கள்.

ஐசிங் தொடங்கும் முன் சவர்க்காரம் போட்டு இருபது செக்கன் கை கழுவுங்கள். நடுவில் போன் எடுத்தால் திரும்பவும் கழுவுங்கள். முட்டை உடைத்த கையும் அப்படித்தான். பச்சை வெள்ளைக்கரு அடித்துப் போடும் ஐசிங்கைச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போகும் கேக்கில் தவிருங்கள்.

கேக் கலவையைப் பிள்ளைகள் வழித்து நக்க விடாதீர்கள். முட்டையில் மட்டும் பயம் என்று நினைப்போம். 2016இல் அமெரிக்காவில் பச்சைக் கோதுமை மாவால் ஈ.கோலை கிருமி பரவிப் பலர் நோயாகி, பெரிய கம்பனி ஒன்றே தன் மாவைச் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. மாவும் வேகாத பொருள்தான்.

கோழி வெட்டிய பலகையில் பழம் வெட்ட வேண்டாம். பலகை இரண்டு வைத்திருங்கள்.

சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். எங்கள் வெக்கைக்கு அதுவே அதிகம். நெடுநேரம் வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கலியாண வீட்டுப் பிரியாணிக்கும் இதுதான் கணக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொரோனா நேரத்தில் சாவகச்சேரிச் சந்தையடியில் கடைக்குக் கடை வாசலில் தண்ணீர்ப் பீப்பாயும் குழாயும் இருந்தன. பிள்ளைகள் போட்டி போட்டுக் கழுவினார்கள். பீப்பாய்கள் போய்விட்டன, பழக்கமும் கூடவே போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் நடந்தால் பிள்ளைகள் செய்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே பேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் சமையல், கேக் வீடியோ போடும் எங்கள் ஊர்க்காரர்களே, அடுத்த வீடியோவில் நீங்கள் கை கழுவும் காட்சியை வெட்டாமல் விடுங்கள். முழு இருபது செக்கனும் வேண்டாம், ஐந்து செக்கன் போதும். ஐசிங் பையைக் கையில் எடுக்கும் முன் வரட்டும். அப்படி ஒரு வீடியோ போட்டால் இந்தப் பதிவின் கீழே இணைத்துவிடுங்கள். தரம் 8 பிள்ளைகளுக்கு இனி அந்த வீடியோக்களைத்தான் போட்டுக் காட்டப் போகிறோம். கொப்பியில் கோடு போட அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.